பனிப் பங்கு

சாளைத்துறையில் கஸ்பார் வீட்டு மேற்கு அறைக்குள் பனி பெய்யத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில். உப்பளத்துக் காற்று முகத்தில் கங்கு மாதிரி அறைய, மணலில் காயப்போட்ட நெத்திலி ஒரே வெயிலில் சுக்காகிப் போக, நாய்கள்கூட வள்ளங்களின் நிழலை விட்டு எழுந்திருக்காத அப்படியொரு பொழுதில், பாய் எடுக்க உள்ளே போன தெக்லாவின் காலடியில் தரை வெள்ளையாகக் கிடந்தது. மேல்தளம் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருக்க, அதிலிருந்து ஓசையில்லாமல், அவசரமில்லாமல், கோழி இறகு உதிர்வது போல அது விழுந்துகொண்டே இருந்தது.

"மாமி, உள்ள என்னமோ கொட்டுது."

மாமியார் மிக்கேலம்மாள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "சுண்ணாம்பு உதிருதுளா. உம் மாமனார் அடிச்ச சுண்ணாம்பு. கூட்டித் தள்ளு."

தெக்லா கூட்டித் தள்ளினாள். வாசலுக்கு வந்ததும் சுண்ணாம்பு தண்ணீராகி மணலுக்குள் போய்விட்டது.

அந்த வாரத்தில்தான் கஸ்பார் போனில் வந்தான். எல்லையில் சண்டை மூண்டு, லீவில் வந்திருந்த பட்டாளக்காரர்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்ட நாளிலிருந்து அவன் குரல் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. கல்யாணத்துக்கென்று வந்த லீவு அது. மாலை வாடுவதற்குள் புறப்பட்டுப் போனவன்.

"மலைக்கு மேல ஏத்திட்டானுவ, தெக்லா. எந்த மலைன்னு சொல்லக்கூடாது. எங்க பாத்தாலும் பனி. எச்சித் துப்புனா கீழ விழுறதுக்குள்ள கல்லாயிருது."

"இங்கயும் பனிதான்."

"வெயிலு மண்டைல ஏறிட்டு ஒனக்கு."

"நெசமாத்தாங்க. நம்ம ரூம்புல."

கஸ்பார் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "நேத்து மத்தியானம் அங்க படுத்தியா?"

படுத்திருந்தாள். புழுக்கம் தாங்காமல், மாமியார் கருவாடு திருப்பிப் போடப் போன நேரம் பார்த்து, அந்த வெள்ளையின் மேல் மல்லாந்து கிடந்திருந்தாள்.

"காவல் நிக்கையில முதுகுல யாரோ வந்து சாஞ்ச மாதிரி சூடு. திரும்பிப் பாத்தா ஒருத்தனும் இல்ல. ஆனா மணம் வந்துச்சு. தேங்காண்ணெயும் கருவாடும் கலந்து. அது ஒந்தலை மணம்லா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் தெக்லா அங்கே போய்ப் படுத்தாள். அவள் உடம்புச் சூடெல்லாம் முதுகு வழியாக இறங்கி, எந்த மலையென்று சொல்லக்கூடாத மலையில் நிற்கிறவனுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுந்திருக்கும்போது அவள் படுத்த இடம் ஒரு பெண் அச்சாகக் குழிந்து கிடந்தது. கையைப் பனியில் அழுத்தி வைத்தால், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கை தானாகப் பதியும், அவள் கையைவிடப் பெரிதாக, சுண்டுவிரல் பாதியோடு நின்றுபோனதாக. சின்ன வயதில் சூரை மீன் இழுத்த தூண்டில் கயிறு அறுத்துக்கொண்டு போன விரல் அது. போன் எடுக்காத நாட்களில் அதுதான் அவர்களுக்குப் போன். இரண்டு தட்டு தட்டினால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தால், அதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளவில்லை, தேவைப்படவில்லை.

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. முதலில் பெண்கள் வந்து பார்த்தார்கள், "எங்க அத்தை வீட்டுல ஒருக்கா மழைக்குப் பதிலா உப்பு பெஞ்சுச்சு, இது என்ன பெரிசு" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு கிண்ணம் அள்ளிக்கொண்டு போய் நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடித்தார்கள். கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அது மணிமணியாக உறைந்து தரையில் உருண்டது. அவர் குனிந்து அதைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பிசாசு இல்ல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த ஊரில் ஒருவரும் அது ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு ஆகும் என்று கேட்டார்கள்.

கேட்டவர் ஊர்த் தலைவர் தொம்மை. டவுனிலிருந்து வரும் ஐஸ் லாரி என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. லாரி வருவதற்குள் மீனின் கண் கலங்கிவிடும், கண் கலங்கிய மீனை வியாபாரி காலால் தள்ளுவான், தள்ளிய மீன் கருவாட்டுக்குப் போகும், சாளைத்துறையின் பாதி உழைப்பு இப்படித்தான் மணலில் காய்ந்துகொண்டிருந்தது. தொம்மை ஒரு கடகம் நிறையச் சீலா மீனைக் கொண்டுவந்து மேற்கு அறையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே, கண்ணைப் பாருங்கலே. தாலி கட்டுன அன்னைக்குப் பொண்ணு முழிக்க மாதிரி முழிக்கு!"

அன்றிலிருந்து எல்லா வள்ளத்து மீனும் கஸ்பார் வீட்டுக்கு வந்தது. மீன் அடுக்கத் தோதாக அறையின் நடுச்சுவரை இடித்தார்கள், கதவைக் கழற்றிப் பெரிய கதவு போட்டார்கள். பிடித்ததைக் கோயில் பங்கு, வள்ளப் பங்கு, வலைப் பங்கு என்று கூறு வைக்கும் கடற்கரையில் பனிப் பங்கு என்று புதிதாக ஒரு கூறு விழுந்தது; அது மிக்கேலம்மாளின் கடகத்துக்குப் போனது.

அந்தக் கடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனைநாரில் பின்னி, அடியில் தோல் வைத்துத் தைத்த பழைய கடகம். கடலுக்குப் போனவன் கரை திரும்பாவிட்டால், அவனைப் பெற்றவள் தன் மீன் கடகத்தைக் கடற்கரையில் கவிழ்த்து வைப்பாள். இது சாளைத்துறையின் சட்டம். கவிழ்ந்த கடகத்தைப் பார்த்த பிறகு ஒரு வலையும் விழாது. பாதி ஏறிய மீனையும் கடலிலேயே கொட்டிவிட்டு எல்லா வள்ளமும் தேடப் போகும், பகையாளி வள்ளமும் போகும், ஆள் உயிராகவோ உடலாகவோ கரை சேரும் வரை ஊரில் ஒரு அடுப்பிலும் மீன் வேகாது. மிக்கேலம்மாளின் புருஷன் தொலைந்தபோது அவள் மாமியார் கவிழ்த்தது இதே கடகம்தான். அவரை உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். அதனால்தான் மூத்த மகன் கஸ்பாரைக் கடலே வேண்டாமென்று பட்டாளத்துக்கு அனுப்பினாள். இளையவன் லூயிசைத் தடுக்க முடியவில்லை. அவன் வள்ளம் ஏறினான்.

கஸ்பார் மறுபடி போனில் வந்தபோது குரல் கம்மியிருந்தது.

"தெக்லா, எம்மேல மீன் நாத்தம் அடிக்குன்னு பயலுவ சிரிக்கானுவ. ஆபீசர் வந்து, எவம்லே கருவாடு சுடுதான்னு கேக்காரு. அது போவட்டும். நீ ஏன் ரெண்டு நாளா வரல?"

என்ன சொல்வாள்? அவள் படுத்து எழுந்த குழியில் தண்ணீர் நின்று, அதில் கிடந்த விளமீனெல்லாம் வெந்தது போல வெளுத்துவிட்டதென்று ஊர்க் கமிட்டி கூடியிருந்தது. ஆம்பளையை நினைத்துக்கொண்டு கிடக்கிற பொம்பளை உடம்புக்கு அடுப்பைவிடச் சூடு அதிகம் என்று ஒருவன் சொல்ல, ஏலக் கொட்டகையே சிரித்தது. மிக்கேலம்மாள் புதுக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாமி, அவுகளுக்குக் குளிரும் மாமி."

"பட்டாளத்துல கோட்டு குடுக்காம். ஆட்டுத்தோலு வச்ச கோட்டு. ஒன் ஒத்த முதுகுதானா அவனைக் காப்பாத்துது?" என்றவள், கொஞ்சம் இறங்கிவந்து மருமகளின் தாடையைத் தொட்டாள். "கொஞ்ச நாளுதாம்ளா. கணவாய் சீசன் முடியட்டும்."

தெக்லா ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் ஆனதும் மீன் அடுக்குக்கு இந்தப் பக்கம், வெறும் பனியில், சுண்டுவிரல் பாதியான கை வந்து பதிந்தது. பக்கத்தில் இன்னொரு கைக்கு இடம் விட்டுப் பதிந்தது. அவள் தோள் மூட்டு கழன்றுவிடும் போலக் கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினாள், எட்டவில்லை. கை வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போயிற்று. மறுநாளும் வந்தது.

கிறிஸ்துமசுக்கு லீவு கேட்டிருக்கிறேன் என்று கஸ்பார் சொன்ன செய்தி ஊரில் பரவியபோது, முகங்கள் செத்துப்போயின. அவன் மலையிலிருந்து இறங்கிவிட்டால் அறையில் பனி ஏது? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு வாசிக்கும் நேரத்தில் தொம்மை எழுந்து, "நாட்டைக் காக்கும் நம் சகோதரன் கஸ்பாரை ஆண்டவர் அந்த உயர்ந்த இடத்திலேயே நிலைநிறுத்தும்படியாக" என்று உருக்கமாக வேண்ட, கோயில் முழுவதும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. மிக்கேலம்மாளும் சொன்னாள். தெக்லாவின் வாயும் பழக்கத்தில் பாதி சொல்லிவிட்டு நின்றது. அந்த வாரமே சண்டை வலுத்து, லீவெல்லாம் ரத்தாகி, அறையில் பனி முழங்கால் உயரத்துக்கு ஏறியது. ஆண்டவர் காது கேட்காதவர் என்று சாளைத்துறையில் இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, காலை ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, வீடே இடிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிவந்து பூட்டைத் திறந்தார்கள். தரையிலிருந்து மேல்தளம் வரை நீலமாய், பாறையாய் இறுகி நின்றது பனி. கதவோரம் ஒரு ஆள் நுழைகிற சந்துதான் மிச்சம். அடுக்கிய மீனெல்லாம் கண்ணாடிக்குள் நீந்துகிற மாதிரி அதனுள்ளே நின்றது. ஜனம் கைதட்டியது. "இனிமே உருகவே உருகாதுடே!" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் கட்டிக்கொண்டான்.

வெயில் சாய்வதற்குள் பட்டாளத்திலிருந்து போன் வந்தது. பனிமலை சரிந்து காவல்கூடம் புதைந்துவிட்டது, தேடுகிறோம், தைரியமாக இருங்கள் என்றார் யாரோ ஒருவர், இந்தியும் தமிழும் கலந்து.

தெக்லா ஓடிப்போய் அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். நீலத்துக்குள், எட்ட முடியாத ஆழத்தில், ஒரு உள்ளங்கை. உள்ளேயிருந்து வெளியே பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் கையைப் பனிப்பாறையில் வைத்தாள். அந்தக் கை மெதுவாக விலகி, இரண்டு தட்டு தட்டியது.

சாப்பிட்டேன் என்றான். மலைக்கு அடியில் புதைந்து கிடந்துகொண்டு, அவளுக்கு ஆறுதலாய் ஒரு பொய் சொன்னான்.

"உயிரோட இருக்காக! அவுக உயிரோட இருக்காக!" என்று கத்திக்கொண்டு ஏலக் கொட்டகைக்கு ஓடிய தெக்லா, வழியில் கிடந்த யாருடைய கடகத்தையோ எடுத்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாள். "ஆளு தொலைஞ்சா எல்லா வள்ளமும் தேடுமே! அது ஊருச் சட்டம்லா? மீனை வெளிய கொட்டுங்க. ஊரே வந்து அந்தப் பாறையில படுங்க. என் ஒருத்தி சூட்டுக்கே அந்தக் கொதிப்புன்னு சிரிச்சியளே, ஊரு மொத்தமும் படுத்தா ஒரு பகல்ல உருகிராதா?"

ஒன்றிரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். தொம்மை தொண்டையைச் செருமினார்.

"அது கடல்ல தொலைஞ்சவனுக்குள்ள சட்டம், தாயீ. இவன் மலைக்குல்லா போனான்."

"அப்பம் எதுக்கு அவுகளுக்குப் பனிப் பங்கு குடுத்திய? கடல்காரனுக்குத்தான பங்கு?"

தொம்மை தாடியைத் தடவினார். "சரி, கடல்காரன்னே வச்சுக்கிடுவோம். ஆனா பெண்டாட்டி கவுத்துன கடகத்துக்கு வள்ளம் கெளம்பாது. பெத்தவ கவுத்தணும். மிக்கேலு, நீ சொல்லு. நீ கவுத்தா இந்த நிமிசம் ஊரே வரும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள் தன் கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அது நிறைய லூயிசின் கணவாய். அந்தக் குளிரறையில் இருந்ததிலேயே பெரிய கூறு லூயிசுடையது. அவன் வலையில் அப்படியொரு மீன்பாடு வாழ்நாளில் விழுந்ததில்லை, இனி விழுமா என்றும் தெரியாது. சனிக்கிழமை அதை ஏற்றிப்போக வெளியூர் லாரி வருவதாக இருந்தது.

"என் வயித்துல பெறந்தவம்லா அவன்," என்றாள். அழுதாள். மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "செத்திருந்தாம்னா சனிக்கிழமையும் செத்தவந்தான். இருக்காம்னா சனிக்கிழமை வரைக்கும் இருப்பான். எங் கஸ்பாரு கெட்டிக்காரன். லாரி வந்துட்டுப் போவட்டும். அன்னைக்கு நானே கவுத்துதேன்."

நியாயம்தான் என்றது ஊர். பெற்றவளே சொல்லும்போது யார் என்ன சொல்ல? தெக்லா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். மிக்கேலம்மாள் கடகம் சரியாமல் பார்த்துக்கொண்டு, குனிந்து அவள் தலையைத் தடவினாள்.

"கொஞ்ச நாளுதாம்ளா."

பூட்டு மறுபடி விழுந்தது. தெக்லா வீட்டுக்குப் பின்னால் போய், மேற்கு அறைச் சுவருக்கும் பனையோலை வேலிக்கும் நடுவே இருந்த சுடுமணலில் உட்கார்ந்து, வெறும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வெயில் அவள் நெஞ்சில் விழுந்து, உடம்புக்குள் புகுந்து, முதுகு வழியாகச் சுவருக்குள் போயிற்று. சோறு கொண்டுவந்து வைத்தார்கள்; எறும்பு தின்றது. உள்ளே ஆட்கள் கடைசி நேரத்து மீனைச் சந்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை கை இரண்டு தட்டு தட்டியதாக அவர்கள் பேசிக்கொள்வது சுவர் வழியாக அவளுக்குக் கேட்டது. வியாழக்கிழமை ஒருத்தன், "இதைப் பாத்துக்கிட்டு வேலை ஓட மாட்டேங்குடே" என்று சொல்லி, பாறையின் அந்த இடத்தில் ஒரு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டான். வெள்ளிக்கிழமை சாக்குக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை லாரி வந்தது. கடப்பாரையால் உடைத்து உடைத்து மீனைப் பெயர்த்து ஏற்றினார்கள், நல்ல விலை போயிற்று. லாரி தெருமுனையில் திரும்பியதும் மிக்கேலம்மாள், சொன்ன சொல் தவறாதவள், வெறும் கடகத்தைக் கடற்கரையில் கொண்டுபோய்க் கவிழ்த்து, நெஞ்சிலடித்துக்கொண்டு விழுந்தாள்.

உடனே ஊர் திரண்டது. இரக்கம் வந்தால் முழுதாக வருகிற ஊர் அது. கரையிலிருந்த வலைகளையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு ஆணும் பெண்ணும், பால்குடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மாரும், நடக்க முடியாத கிழடுகளைத் தூக்கிக்கொண்டு பேரன்மாரும் வந்தார்கள். தொம்மை சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் ஆளாய்ப் பாறையைக் கட்டிப்பிடித்தார். சாமியார் அங்கியோடு படுத்தார். ஒருவர் மேல் ஒருவர் அப்பிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, "கஸ்பாரே, எய்யா கஸ்பாரே" என்று ஊரே அழுத சூட்டில் நீலப்பாறை வியர்த்தது, வழிந்தது, வாய்க்காலாக ஓடிக் கடலில் கலந்தது. வெயில் தாழ்வதற்குள் அறையில் வெறுந்தரை தெரிந்தது. தரையில் மீன் செதில்கள் மட்டும் கிடந்தன.

பெட்டி வந்தபோது தேசியக்கொடி போர்த்தியிருந்தார்கள். துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்தது. கூட வந்த ஹவில்தார் தர்மபுரிப் பக்கத்து ஆள். கூட்டம் கலைந்த பிறகு தெக்லாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே பேசினார். பக்கத்தில் மிக்கேலம்மாளும் இருந்தாள்.

"சனிக்கிழமை மத்தியானம், எங்களுக்கே புரியலம்மா, அந்த எடத்துல மட்டும் பனி தானா வழிஞ்சு ஓடிச்சு. அப்படித்தான் கெடைச்சாரு. கோட்டெல்லாம் மீன் செதிலு. முந்தின நாள் வரைக்கும் உசுரு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு நாள் முந்தியிருந்தா..." தொப்பியை மடியில் வைத்தார். "ஒடம்பு பூரா கல்லும்மா. முதுகு மட்டும், இப்பத்தான் யாரோ சாஞ்சிருந்துட்டு எந்திரிச்ச மாதிரி, அப்படிச் சுட்டுச்சு. நானே தொட்டுப் பாத்தேன்."

மிக்கேலம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஹவில்தாருக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சீனி சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

மேற்கு அறை பழையபடி புழுங்கியது. ஐஸ் லாரி பழையபடி தாமதித்து வந்தது. அந்த வருடம் முழுக்கச் சாளைத்துறைப் பெண்கள் விடியும் முன்னே மகன்மாரை எழுப்பிக் கடற்கரையில் ஓடவிட்டார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கே கேள்விப்பட்டாலும் அனுப்பிவைத்துவிட்டு, வீட்டில் மேற்குப் பார்த்த அறையைக் காலி செய்து, கூட்டி மெழுகி, நிமிர்ந்து பார்த்தபடி காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாலைவனத்திலும் காட்டிலும் வேலை கிடைத்தது. ஓர் அறையில் மணல் கொட்டியது. இன்னோர் அறையில் கொசு. வேறெதுவும் விழவில்லை.

தெக்லாவின் முதுகு மட்டும் சூடேறவே இல்லை. அவள் சாய்ந்த சுவரில் நீர் பூத்தது, அவள் படுத்த பாய் நனைந்தது. பங்குனி வெயிலில் மணலில் போய்க் கிடந்தாலும் நெஞ்சு கொதித்ததே தவிர முதுகு அந்த மலையிலேயே இருந்தது. மத்தியானங்களில் வாசல்படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கையைத் தரையில் அழுத்தி வைத்திருப்பாள். பக்கத்தில் ஒரு கைக்கு இடம் விட்டிருப்பாள்.

அப்படியொரு மத்தியானம் லூயிசுக்கு ஏராளமாய்ச் சீலா கிடைத்திருந்தது. லாரியைக் காணோம். மிக்கேலம்மாள் மீனைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், வாசல்படியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய கடகம் நிறைய மீனை அள்ளி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல், மருமகளின் முதுகோடு ஒட்டி வைத்தாள். நழுவாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். செவுள்களில் மெல்ல வெள்ளை படர்ந்தது.

தெக்லா திரும்பவில்லை. தரையிலிருந்த கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரந்தாம்ளா," என்றாள் மிக்கேலம்மாள். "லாரி வந்துரும்."